மூன்று பேருக்குப் போன மூளையுறை: காமா கதிர் வைரஸ் மரபுப்பொருளை என்ன செய்கிறது? ஒரு நிகழ்வு ஆய்வு

1985-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 22 வயது இளைஞர் ஒருவர் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, 32 மணி நேரம் கழித்து இறந்துபோனார். அவருடைய உறுப்புகளும் திசுக்களும் தானமாக எடுக்கப்பட்டன. எச்ஐவி எதிர்ப்பொருள் சோதனை அந்த ஆண்டு மார்ச்சில்தான் அங்கே அனுமதி பெற்றிருந்தது. அவர் ரத்தத்தையும் சோதித்தார்கள். எதிர்ப்பொருள் இல்லை என்று முடிவு வந்தது. அந்த முடிவில் பிழை எதுவும் இல்லை. வைரஸ் உடலுக்குள் நுழைந்துவிட்டது, ஆனால் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்க இன்னும் நாள் ஆகவில்லை. அந்த இடைவெளியில் அவர் இறந்திருந்தார்.

உறுப்புகள் தவிர, எலும்பு, தசைநார், கருவிழி, மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறை என்று அவர் உடலிலிருந்து எடுத்தவை பல மருத்துவமனைகளுக்குப் போயின. 6 ஆண்டுகள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 1991-ல் அவருடைய எலும்பைப் பெற்ற ஒருவருக்கு எச்ஐவி இருப்பது தெரிய வந்தது. அதன் பிறகு நூல் பிடித்துப் போய் ஒவ்வொருவராகத் தேடினார்கள். சேமித்து வைத்திருந்த அவருடைய வெள்ளையணுக்களை வளர்த்துப் பார்த்ததில் வைரஸ் இருந்தது. முழு விவரமும் 1992-ல் மருத்துவ இதழில் வெளியானது.

அந்த ஆய்வின் எண்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். எடுத்த 58 உறுப்பு, திசுத் துண்டுகளில் 52-க்குக் கணக்கு கிடைத்தது. அடையாளம் தெரிந்த 48 பேரில் 41 பேரைச் சோதித்தார்கள். முழு உறுப்பு பெற்ற 4 பேருக்கும் தொற்று. எந்தப் பக்குவமும் செய்யாமல் அப்படியே உறைய வைத்த எலும்பு பெற்ற 3 பேருக்கும் தொற்று. மீதி 34 பேருக்கு இல்லை. அந்த 34 பேரில் 25 பேர் எத்தனாலில் கழுவிய எலும்பு பெற்றவர்கள். 3 பேர் உறையவைத்து உலர்த்திய மென்திசு பெற்றவர்கள். 2 பேருக்குக் கருவிழி. ஒருவருக்கு மஜ்ஜையை நீக்கிவிட்டு உறைய வைத்த எலும்பு. இன்னும் 3 பேருக்குக் காமா கதிர் ஊட்டிய மூளையுறை.

நான் எழுத வந்தது அந்தக் கடைசி மூன்று பேரைப் பற்றி. கொடையாளர் ஒருவரே, வைரஸும் ஒன்றே. பக்குவம் செய்யாத எலும்பு பெற்ற மூவருக்கும் தொற்றியது, மூளையுறை பெற்ற மூவருக்கும் தொற்றவில்லை. நடுவில் காமா கதிர் விடும் கோபால்ட் ஒன்று நின்றது. அது உண்மையில் என்ன செய்தது?

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூளையுறையில் ரத்தம் குறைவு, மஜ்ஜை கிடையாது. அதில் முதலிலேயே வைரஸ் சொற்பமாக இருந்திருக்கலாம். கருவிழி பெற்ற இருவரும் எந்தக் கதிரும் இல்லாமலே தப்பித்தார்கள். ஆகவே ‘கதிர்தான் அந்த மூவரையும் காப்பாற்றியது’ என்று இந்த நிகழ்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூன்று பேர் என்பது சிறிய எண். ஆனால் கதிர் வைரஸின் மரபுப்பொருளை என்ன செய்யும், எவ்வளவு செய்யும் என்பதை நாம் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். போட்டால், கதிரூட்டியது என்ற முத்திரையை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

முதலில் கதிரூட்டும் கூடம். கோபால்ட்-60 குச்சிகளை ஆழமான தண்ணீர்த் தொட்டியின் அடியில் வைத்திருப்பார்கள். அங்கே தண்ணீர் நீலமாக ஒளிரும். வேலை நேரத்தில் குச்சிகளை மேலே தூக்குவார்கள். தடித்த கான்கிரீட் சுவருக்குள்ளே பெட்டிகள் நகர்பட்டையில் அவற்றைச் சுற்றி வரும். இந்தியாவில் மும்பை டிராம்பேயில் 1974 முதல் மருத்துவப் பொருள்களுக்கு இப்படித்தான் கதிரூட்டுகிறார்கள். பெட்டிக்குள்ளே எதையும் திறப்பதில்லை, சூடாக்குவதில்லை. வெளியே வரும்போது மேலே ஒட்டிய மஞ்சள் வில்லை சிவப்பாகியிருக்கும், உள்ளே கண்ணாடிக் குப்பி இருந்தால் அது பழுப்பேறியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அவ்வளவுதான்.

வழக்கமான அளவு 25 கிலோகிரே. 1 கிரே என்பது 1 கிலோ பொருளில் 1 ஜூல் ஆற்றல். 25 கிலோகிரே ஆற்றலை 1 கிலோ தண்ணீருக்கு வெப்பமாகக் கொடுத்தால் அது சுமார் 6 டிகிரி சூடாகும். ஒரு வைரஸும் சாகாது. அதே ஆற்றல் காமா கதிராக வரும்போது நிலைமை வேறு. வெப்பம் எல்லா மூலக்கூறுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போய்விடும். கதிரோ எல்லா ஆற்றலையும் அங்கங்கே சில இடங்களில் மொத்தமாகக் கொட்டும். கோபால்ட்-60 விடும் ஃபோட்டான்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஒரு ஃபோட்டான் ஓர் அணுவின் எலக்ட்ரானை முட்டித் தள்ளும். அந்த எலக்ட்ரான் ஓடும் வழியெல்லாம் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போகும். ஒரு வேதிப் பிணைப்பை அறுக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும். அதனால் அந்தத் தடத்தின் மேல் எது அகப்பட்டாலும் அறுபடும்.

அகப்படுவது எது? வைரஸில் புரதம் இருக்கிறது, உறை இருக்கிறது, மரபுப்பொருள் இருக்கிறது. எல்லாவற்றிலும் அடி விழுகிறது. ஆனால் ஒரே புரதம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நகலாக இருக்கும். ஐந்தாறு கெட்டால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. மரபுப்பொருள் அப்படி இல்லை. பெரும்பாலான வைரஸ்களில் அது ஒன்றே ஒன்று, அதுவும் நீண்டது. பத்தாயிரம் எழுத்துள்ள ஒரே கயிறு. நடுவில் எங்கே அறுந்தாலும் அந்த வைரஸ் பெருகாது. கதிரால் வைரஸ் செயலிழப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

அடி விழும் வழி இரண்டு. ஒன்று நேரடி. எலக்ட்ரான் டிஎன்ஏ மேலேயே ஆற்றலைக் கொட்டுகிறது. இரண்டாவது தண்ணீர் வழியாக. தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற துண்டு பிறக்கிறது. இணைசேராத ஒரு எலக்ட்ரானோடு அலைவது, பக்கத்தில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வது. செல்லுக்குள் அதன் ஆயுள் சில நானோநொடி. அதற்குள் சில நானோமீட்டர்தான் நகர முடியும். அந்தத் தூரத்துக்குள் டிஎன்ஏ இருந்தால், முதுகெலும்பாக நிற்கும் டீஆக்சிரைபோஸ் சர்க்கரையிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறித்த இடத்தில் சர்க்கரை சிதைந்து, இழை அறுந்து போகும். அல்லது டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்களைத் தாக்கும். தைமின் இருந்த இடத்தில் தைமின் கிளைகால், குவானின் இருந்த இடத்தில் 8-ஆக்சோகுவானின் என்று உருமாறிய காரங்கள் வந்து உட்காரும். படியெடுக்கும் நொதி சில உருமாற்றங்களில் நின்றுவிடும், சிலவற்றில் எழுத்தைத் தப்பாகப் படிக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. 2000-ஆம் ஆண்டில் கனடாவின் ஷெர்புரூக்கில் ஒரு குழு காட்டியது: 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலுள்ள மெதுவான எலக்ட்ரான்களும், அயனியாக்கக்கூடத் திராணியில்லாதவை உட்பட, டிஎன்ஏ இழையை உடைக்கின்றன. கதிரின் தடத்தைச் சுற்றி இந்த மாதிரி எலக்ட்ரான்கள்தான் ஏராளம். ஆற்றல் தீர்ந்துபோனவை என்று ஒதுக்கிவைத்தவற்றுக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு என்று தெரிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

முறிவுகளில் தரம் உண்டு. டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்தால் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். எதிர் இழையைப் பார்த்துச் செல் அதைச் சரிசெய்துவிடும். இரண்டும் பத்து எழுத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் அறுந்தால் கயிறே இரண்டு துண்டு. காமா கதிரின் எலக்ட்ரான் தடத்தில் அடிகள் கொத்தாக விழுவதால் இப்படி நடக்கிறது. சிதறலாக விழுந்தால் இரட்டை முறிவு மிக அபூர்வமாக இருக்கும். புற ஊதாக் கதிர் இதிலிருந்து மாறுபட்டது. அது முக்கியமாக அடுத்தடுத்த தைமின்களை ஒட்டவைக்கிறது. மேற்பரப்பைத் தாண்டியும் போகாது. எலும்புக்குள் இருக்கும் வைரஸை எட்ட அதனால் முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். உயிருள்ள மனித செல் ஒன்றில் 1 கிரே கதிர் சுமார் 1,000 ஒற்றை இழை முறிவுகளையும் 40-ஐ ஒட்டிய இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்குகிறது. இது பல காலமாகப் பயன்பாட்டில் உள்ள எண். செல்லில் இருப்பது சுமார் 640 கோடி கார இணைகள், அதாவது இரண்டு இழைகளிலும் எதிரெதிரே நிற்கும் எழுத்து ஜோடிகள். எச்ஐவி தொற்றிய செல்லில், அந்த வைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிச் செல்லின் குரோமோசோமுக்குள் செருகி வைத்திருக்கும். அந்தச் செருகலுக்குப் பெயர் புரோவைரஸ். நீளம் 10,000 கார இணைக்குக் கொஞ்சம் குறைவு. 10,000 என்றே வைத்துக்கொள்வோம். அதாவது மொத்த டிஎன்ஏவில் 6,40,000-ல் ஒரு பங்கு.

அப்படியானால் 1 கிரேயில் அந்தத் துண்டின் மேல் ஒற்றை முறிவு விழும் வாய்ப்பு 640-ல் ஒன்று. இரட்டை முறிவு விழும் வாய்ப்பு 16,000-ல் ஒன்று. 25 கிலோகிரே கொடுத்தால்? சராசரியாக ஒவ்வொரு புரோவைரஸிலும் 39 ஒற்றை முறிவுகள், ஒன்றரை இரட்டை முறிவுகள்.

ஒன்றரை என்றதும் எல்லாம் அறுந்துவிட்டது என்று தோன்றும். அது தப்பு. மழைத்துளி மாதிரிதான் இதுவும். சராசரியாகச் சதுரத்துக்கு ஒன்றரைத் துளி விழுந்தாலும் சில சதுரங்களில் மூன்று விழுந்திருக்கும், சிலவற்றில் ஒன்றுகூட விழுந்திருக்காது. இந்தச் சராசரிக்கு ஐந்தில் ஒரு புரோவைரஸ் ஒரு இரட்டை முறிவுகூட இல்லாமல் தப்பிக்கும். 39 ஒற்றை முறிவும், அதைவிட அதிகமான கார உருமாற்றங்களும் சேர்ந்து அதையும் பெரும்பாலும் முடக்கிவிடும் என்பது வேறு. ஆனால் மனித செல்லைக் கொல்ல 5, 10 கிரே போதும் என்னும்போது, வைரஸ் டிஎன்ஏவுக்கு ஏன் ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது என்பது இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. இலக்கு சிறியது. 640 கோடி எழுத்துள்ள செல்லில் எங்காவது அடி விழாமல் போகாது. 10,000 எழுத்தில் விழ, நிறையக் கொட்ட வேண்டும்.

இதனால்தான் பொதுவாகப் பெரிய மரபுப்பொருள் உள்ள வைரஸ்கள் கதிருக்குச் சீக்கிரம் மடிகின்றன. அம்மை வகைப் போக்ஸ் வைரஸ்களுக்குக் கிட்டத்தட்ட 2 லட்சம் கார இணை, ஹெர்பிஸ் வகைக்கு 1.5 லட்சம். 5,000 எழுத்தை ஒட்டிய பார்வோ வைரஸ்கள் கடைசி வரை நிற்கும். பார்வோவின் டிஎன்ஏ ஒற்றை இழை, அதனால் ஒற்றை முறிவே அதற்குப் போதும். இருந்தும் நீளம் குறைவு என்பதால் தாங்கிவிடுகிறது.

இப்போது உறைபனிக்கு வருவோம். மேலே போட்டது திரவ நீர் உள்ள செல்லின் கணக்கு. எலும்புக்கு அப்படிக் கதிரூட்டுவதில்லை. டிரை ஐஸில் புதைத்து, மைனஸ் பல பத்து டிகிரியில் அனுப்புகிறார்கள். உறைந்த நீரில் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறந்தாலும் நகர முடியாது. பிறந்த இடத்திலேயே மறுபடி சேர்ந்துவிடும். ஆக இரண்டு வழிகளில் ஒன்று ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது, நேரடி அடி மட்டுமே மிச்சம். உலர்த்திய திசுவிலும் இதே கதைதான். அதோடு, வைரஸைச் சுற்றி அடர்ந்து கிடக்கும் ரத்தப் புரதமும் ராடிக்கல்களை வாங்கிக்கொண்டுவிடும். திசுவின் புரத நார்களைக் காப்பாற்றவே உறைய வைக்கிறோம், அது வைரஸையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. இந்தப் பிடியிலிருந்து தப்ப வழியில்லை. திசு வங்கிகள் இன்றுவரை இதோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

எச்ஐவிக்கு இன்னொரு பலமும் உண்டு. செல்லுக்கு வெளியே திரியும் வைரஸ் துகளில் இருப்பது டிஎன்ஏ இல்லை, ஒற்றை இழை ஆர்என்ஏ. ஒற்றை இழை என்பதால் எளிதில் அறுபட வேண்டும். ஆனால் ஒவ்வொரு துகளிலும் அந்த ஆர்என்ஏ இரண்டு நகல் இருக்கிறது. படியெடுக்கும் நொதி ஒரு நகலில் முறிவைச் சந்தித்தால் மற்ற நகலுக்குத் தாவி வேலையைத் தொடரும். இரண்டு கிழிந்த பிரதிகளை வைத்து ஒரு முழுப் புத்தகத்தை எழுதி முடிப்பதைப் போல. டிஎன்ஏ வைரஸ்களில் இதற்கு ஒப்பான ஒன்றை சால்வடோர் லூரியா 1947-லேயே பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களில் கண்டார். புற ஊதாக் கதிரால் முடங்கிய ஃபேஜ்கள் பல ஒரே பாக்டீரியாவுக்குள் நுழைந்தால், ஒன்றின் கெடாத பகுதியும் இன்னொன்றின் கெடாத பகுதியும் சேர்ந்து உயிருள்ள ஃபேஜ் வெளியே வந்தது. பெரும்பாலான வைரஸ்களுக்குத் தனியாகப் பழுது பார்க்கும் வசதி எதுவும் இல்லை. நுழைந்த இடத்தில் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளும்.

1985 கொடையாளர் விவகாரம் வெளியானதும் எழுந்த கேள்வி இதுதான்: எலும்பில் உள்ள எச்ஐவிக்கு 25 கிலோகிரே போதுமா? அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வைரஸை மனத்தில் வைத்து யாரும் அதை நிர்ணயிக்கவில்லை. ஊசி, தையல் நூல் போன்றவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரிய வித்துகளைக் கொல்ல வகுத்த அளவு அது. அந்த வித்துகளைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க 2 கிலோகிரேயை ஒட்டிப் போதும். இந்த ‘பத்தில் ஒன்று’ அளவை டி10 என்பார்கள். 25 கிலோகிரேயில் பத்தில் ஒன்று, அதில் பத்தில் ஒன்று என்று பன்னிரண்டு முறை குறைந்துவிடும். உறைந்த நிலையில் வைரஸுக்கு அந்த வசதி இல்லை.

1994-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சிலர் நேரடியாகவே சோதித்தார்கள். எச்ஐவி தொற்றோடு இறந்தவர்களின் முழங்காலிலிருந்து, எலும்பும் தசைநாரும் சேர்ந்த துண்டுகளை எடுத்து உறைய வைத்து, வெவ்வேறு அளவில் காமா கதிர் ஊட்டி, டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு படியெடுத்துக் கண்டறியும் பிசிஆர் முறையில் எச்ஐவி டிஎன்ஏவைத் தேடினார்கள். 20, 25 கிலோகிரே கொடுத்த துண்டுகளில் டிஎன்ஏ இருந்தது. 30-க்குப் போனதும் காணவில்லை. இதை வைத்து ‘25 போதாது, 30 வேண்டும்’ என்ற முடிவு பரவியது.

முடிவு எச்சரிக்கையான பக்கம் சாய்கிறது, அது நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனை எதைக் காட்டியது என்பதைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம். பிசிஆர் முழு வைரஸையும் தேடுவதில்லை. பத்தாயிரம் எழுத்தில் வழக்கமாக நூறு, இருநூறு எழுத்து நீளமுள்ள ஒரு சின்னத் துண்டைத்தான் தேடும். நம் பழைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 25 கிலோகிரேயில் 10,000 கார இணைக்கு 39 முறிவு என்றால், 200 கார இணைக்கு ஒன்றுக்கும் குறைவு. இரண்டு இழையில் ஏதாவது ஒன்று முழுதாக இருந்தாலே பிசிஆருக்குப் போதும். ஒவ்வொரு இழையும் அந்த இருநூறு எழுத்தில் அறுபடாமல் இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. அப்படியென்றால் வைரஸ் பல இடத்தில் அறுந்து செத்துக் கிடக்கும்போதும் பிசிஆர் ‘இருக்கிறது’ என்றே சொல்லும். கிழித்துப் போட்ட கடிதத்தின் ஒரு துண்டில் ஒரு சொல் வாசிக்க முடிகிறது என்பதால் கடிதம் முழுதாக இருக்கிறது என்று ஆகாது.

எதிர்ப்பக்கமும் அப்படியே. 30 கிலோகிரேயில் ‘இல்லை’ என்று வந்ததற்குப் பொருள், பிசிஆர் கண்டுபிடிக்கும் எல்லைக்குக் கீழே போய்விட்டது என்பது மட்டும்தான். முதலில் எவ்வளவு டிஎன்ஏ இருந்தது என்பதைப் பொறுத்து அந்த எல்லை 30-லும் வரலாம், 25-லும் வரலாம், 40-லும் வரலாம். தொற்றும் திறனை அறிய ஒரே வழி, கதிரூட்டிய பொருளை உயிருள்ள செல்களோடு வளர்த்து, வைரஸ் பெருகுகிறதா என்று பார்ப்பது. பிசிஆரையே நம்புவதானால் நீளமான துண்டை, ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படியெடுக்கும்படி வைக்க வேண்டும். நீளம் கூடக்கூட அது தொற்றும் திறனுக்கு நெருங்கி வரும்.

அந்த வளர்ப்புச் சோதனையை ஜெர்மனியில் ஒரு குழு செய்தது. முடிவு 2002-ல் வந்தது. மனித எலும்புத் துண்டுகளில் பலவகை வைரஸ்களை ஏற்றி, மைனஸ் 30 டிகிரியை ஒட்டிய குளிரில் கதிரூட்டி, மிஞ்சிய தொற்றும் திறனை அளந்தார்கள். எல்லாவற்றிலும் அதிகம் தாங்கியது மாட்டின் பார்வோ வைரஸ். அதன் டி10 அளவு 7 கிலோகிரேயைத் தாண்டியது. எல்லா வைரஸையும் பத்தாயிரத்தில் ஒன்றாகவாவது குறைக்க, அவர்கள் சொன்ன அளவு 34 கிலோகிரே.

எச்சரிக்கையாக எச்ஐவிக்கும் அந்த 7 என்றே வைத்துக்கொண்டால் 25 கிலோகிரே என்பது மூன்றரை முறை பத்தில் ஒன்றாகக் குறைப்பது. அதாவது மூவாயிரம், நாலாயிரத்தில் ஒன்று மிஞ்சும். புதிதாக எச்ஐவி தொற்றியவரின் ரத்தத்தில், எதிர்ப்பொருள் வருவதற்கு முந்தைய அதே இடைவெளியில், ஒரு மில்லியில் 10 லட்சம் வைரஸ் நகல்களுக்கு மேல் இருப்பது சாதாரணம். அவற்றில் உண்மையில் தொற்றக்கூடியவை மிகச் சிறு பங்கு. ஆனாலும் மஜ்ஜை நிறைந்த ஒரு பெரிய எலும்பை, 25 கிலோகிரே மட்டும் கொடுத்து ‘வைரஸ் இல்லாதது’ என்று யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. மஜ்ஜையையும் ரத்தத்தையும் கழுவி எடுத்துவிட்ட எலும்பு என்றால் அதே 25 பெரிய பாதுகாப்பு. 1985 நிகழ்வில் எத்தனாலில் கழுவிய எலும்பு பெற்ற 25 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அளவைக் கூட்டி 50 கிலோகிரே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கதிர் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரத நாரையும் அதே மாதிரிதான் அறுக்கும். வெளியே வெள்ளையாக, உருவம் மாறாமல் இருக்கும் எலும்பு, பாரம் ஏறும்போது சாக்பீஸ் மாதிரி முறியும். தசைநாரின் இழுவலிமையும் 30, 40 கிலோகிரேயில் கண்கூடாகக் குறைகிறது. முழங்காலில் வைத்துத் தைத்தது ஆறு மாதத்தில் அறுந்தால் நோயாளிக்கு மறு அறுவைச் சிகிச்சை. அந்த வலியையும் கணக்கில் வைத்துத்தான் ஒவ்வொரு கிலோகிரேயையும் கூட்ட வேண்டியிருக்கிறது.

1985-ஐப் போலவே இன்னொன்றும் நடந்தது. 2000-ல் அமெரிக்காவில் இறந்த ஒரு கொடையாளர். ஹெபடைட்டிஸ் சி எதிர்ப்பொருள் சோதனையில் ‘இல்லை’. பிறகு பார்த்தால் வைரஸ் இருந்தது. அவருடைய தசைநாரோ, எலும்போடு சேர்ந்த தசைநாரோ பெற்ற 6 பேரில் 4 பேருக்குத் தொற்று. கதிரூட்டிய எலும்பு பெற்ற 16 பேரில் ஒருவருக்கும் இல்லை. அது ஆர்என்ஏ வைரஸ், 9,600 எழுத்தை ஒட்டியது. ஆனால் கயிறு அறுபடும் கதை ஒன்றுதான். மூளையுறையின் மூன்று பேரை விட இந்தப் பதினாறு பேர் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறார்கள். அந்த எலும்புகளும் கதிருக்கு முன்பு கழுவப்பட்டிருக்கும் என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, மறுபடி மூளையுறை. அதே எண்பதுகளில் ஜெர்மனியில் தயாரித்து உலகமெங்கும் விற்ற, உறையவைத்து உலர்த்திய மூளையுறை ஒன்று இருந்தது. அதற்கும் காமா கதிர் ஊட்டினார்கள். 1987-ல் அமெரிக்காவில் அதைப் பெற்ற ஓர் இளம்பெண்ணுக்கு, மூளையைச் சல்லடையாக அரிக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் வந்தது தெரிந்தது. பிறகு ஜப்பானில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு. பலருக்கு அறுவைச் சிகிச்சை நடந்து பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.

அது ஏன் என்பதற்கான விடை 1966-லேயே கிடைத்திருந்தது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் டிக்வா ஆல்பர், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டு நோயான ஸ்கிரேப்பியின் காரணியைக் கதிரால் அடித்துப் பார்த்தார். மேலே நாம் போட்ட அதே கணக்குதான், தலைகீழாக: எவ்வளவு கதிருக்குச் சாகிறது என்று அளந்து, இலக்கு எவ்வளவு பெரியது என்று கண்டுபிடிப்பது. வந்த அளவு, அன்று அறிந்திருந்த எந்த வைரஸின் மரபுப்பொருளுக்கும் பொருந்தாத அளவுக்குச் சின்னது. உள்ளே டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ இல்லாமலே இருக்கலாம் என்று அவர் குழு சந்தேகித்தது. பல ஆண்டுகள் யாரும் அதை முழுமையாக ஏற்கவில்லை. பிற்பாடு அந்தக் காரணிக்குப் பிரியான் என்று பெயர் வந்தது. தவறாக மடிந்த புரதம், அறுக்கக் கயிறே கிடையாது.

1987 மே மாதத்திலிருந்து அந்த மூளையுறையைத் தயாரிப்பவர்கள் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைக்கத் தொடங்கினார்கள். பிரியானைக் குலைக்க அப்படிப்பட்ட அரிக்கும் கரைசல் வேண்டும், கோபால்ட் போதாது. அதற்கு முன் விற்ற துண்டுகள், மஞ்சளிலிருந்து சிவப்பான வில்லையோடு வந்தவை, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான தலைகளுக்குள் தைத்து முடிக்கப்பட்டிருந்தன.